பாய்மர விளக்கும் இரண்டாவது கம்பியும்

நீங்கள் மூன்று பேருமே என்னிடம் இதைக் கேட்டிருக்கிறீர்கள். "எல்லார் சைக்கிள்லயும் டைனமோலேருந்து லைட்டுக்கு ஒரு கம்பிதாம்ப்பா போவுது. நம்ம சைக்கிள்ல மட்டும் எதுக்கு ரெண்டு?" பெரியவன் கேட்டபோது கடை வேலை தலைக்கு மேல் இருந்தது, போடா என்று துரத்திவிட்டேன். நடுவுள்ளவள் கேட்டபோது, ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் என்று பொய் சொன்னேன். போன வாரம் சின்னவன் கேட்டான். அவனுக்கும் பொய் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா பரீட்சைக்கு முந்தின வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், குடை ரிப்பேர் செய்கிறவருக்குப் பக்கத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்தேன். பாதி வேலை சைக்கிள் டைனமோ. விளக்கு இல்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் இறக்கி நடக்கவைத்துவிடுவார் என்பதால் ஊரில் எல்லோருக்கும் டைனமோ வேண்டியிருந்தது. மீதிப் பாதி, வீடுகளுக்கு ஒயரிங். இரண்டையும் யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

சைக்கிளில் ஏன் ஒரே கம்பி போதும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டைனமோவிலிருந்து மின்சாரம் கம்பி வழியாக விளக்குக்குப் போகிறது. போனது திரும்பி வந்தாக வேண்டும், வந்தால்தான் விளக்கு எரியும். திரும்பி வருவதற்குக் கம்பி போட வேண்டியதில்லை. சைக்கிளின் இரும்புச் சட்டமே அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நான் நூற்றுக்கணக்கான சைக்கிளுக்கு அப்படிப் போட்டவன். அந்த யோசனை என் கையோடு ஊறிப்போயிருந்தது.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரர் கடைக்கு வந்தார். பழைய சர்க்காரில் ரோடு, பாலம் பார்க்கிற என்ஜினீயராக இருந்தவர். மற்றவர்கள் கப்பல் ஏறியபோது இவர் மட்டும் தன் மனைவி மதாமோடு இங்கேயே தங்கிவிட்டார். எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் பேசுவார், வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்து அடுக்குகிற மாதிரி பேசுவார். அவருக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருந்தது. மீன் பிடிக்கிற படகு இல்லை, காற்று வாங்கப் போய்வருகிற படகு. மூன்று மாட்டுவண்டியை வரிசையாக நிறுத்தின நீளம். அதை அரியாங்குப்பம் ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஆற்றில் கட்டிவைத்திருந்தார்.

அப்போது ஊருக்கு எதிரே, கப்பல் சரக்கு இறக்குவதற்காகக் கடலுக்குள் நீளுகிற புதுப் பாலத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சலங்குப் படகுகள் சரக்கை ஏற்றிக்கொண்டு கரைக்கும் கப்பலுக்கும் போய்வந்துகொண்டிருந்தன. கடலில் நடமாட்டம் கூடிவிட்டதால், இருட்டும் நேரத்தில் வெளியே இருக்கிற படகு பாய்மர உச்சியில் விளக்கு எரியவிட வேண்டும் என்று துறைமுக அலுவலகத்தில் முசியேயிடம் சொல்லிவிட்டார்கள். அவர் கட்டித் தொங்கவிட்ட அரிக்கேன் விளக்கு காற்றில் நிற்கவில்லை. கார் பேட்டரி ஒன்றை வைத்து மின்சார விளக்கு போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அதற்கு முன் ஒரு படகுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

நான் போன அன்று பாய்மரத்தைக் கழற்றி, வார்னிஷ் அடித்துக் கரையில் படுக்கவைத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் மேலிருந்து கீழ்வரை ஒரு சின்னக் குழி செதுக்கி, கம்பியை அதற்குள் அழுத்தினேன். இரண்டாவது கம்பிக்கு இன்னொரு குழி செதுக்க மனம் வரவில்லை. அப்போதுதான் அந்த இரும்பு வடங்களைப் பார்த்தேன். பாய்மரம் சாயாமல் இருப்பதற்காக, உச்சியிலிருந்து படகின் வலது விளிம்புக்கு ஒன்றும் இடது விளிம்புக்கு ஒன்றுமாக முறுக்கிய இரும்புக் கம்பிவடங்கள் இழுத்துக் கட்டியிருக்கும். சைக்கிள் சட்டம் மாதிரி இதுவும் இரும்புதானே என்று எனக்குத் தோன்றியது. விளக்கிலிருந்து திரும்பி வருகிற வழியாக வலது பக்க வடத்தையே வைத்துக்கொண்டு, அதைப் படகோடு மாட்டுகிற இரும்பு வளையத்திலிருந்து பேட்டரிக்கு ஒரு துண்டுக் கம்பி இழுத்தேன். மரத்தை நிறுத்தி சுவிட்சைப் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. முசியே வடத்தைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "த்ரே பியேன்," என்றார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். ஒரு என்ஜினீயர் வாயால் கேட்டது. ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் படகில் வேலை பார்த்தவர் வைத்திக்குப்பத்து மீனவர் ஒருவர். நாற்பது வயதிருக்கும். கட்டுமரம் கவிழ்ந்ததில் வலது தோள் பிசகி, சரியாகக் கூடாமல் போய்விட்டது. துடுப்பு வலிக்கவோ வலை இழுக்கவோ முடியாது. ஆனால் பாய் கட்டுவதும் காற்றுப் பார்ப்பதும் அவருக்கு இடது கையால் முடிந்தது. முசியே அவரை வைத்துக்கொண்டார். அந்த வேலை போனால் கடலில் அவருக்கு வேறு வேலை கிடையாது. இதைக் குப்பத்தில் எல்லோரும் அறிவார்கள்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை அவர் கடை வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, நீ போட்ட வெளக்கு தானா அணையுமா?"

"தானா அணைய அது இன்னா அகல் வெளக்காண்ணே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். முந்தின நாள் நடந்ததைச் சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் முசியேவும் அவரும் படகில் வடக்கே போயிருக்கிறார்கள். ஊருக்கு நேரே வந்ததும் பொழுது சாய ஆரம்பித்திருக்கிறது. இவர் சுவிட்சைப் போட்டிருக்கிறார், விளக்கு எரிந்திருக்கிறது. படகைத் திருப்பித் தெற்கே வீடு நோக்கி வந்திருக்கிறார்கள். எதிரே கப்பலிலிருந்து மூட்டைகளோடு ஒரு சலங்கு வந்திருக்கிறது. அவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது. சலங்கின் மூக்கு படகின் விலாவில் இடித்து ஒரு பலகை பிளந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. சலங்குக்காரர்கள் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்: "வெளக்கு இல்லாம எவன்டா கடல்ல வர்றது?" மேலே பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது.

"நான் போட்டது நெசம் மேஸ்திரி. எரிஞ்சத என் கண்ணால பாத்தேன். திரும்பி வரும்போது நடுவுல பாய் மறைச்சுது, மேல பாக்கல. அது என் தப்புதான். ஆனா அணைச்சது நான் இல்ல."

"அப்பறம்?"

"இடிச்சதும் பாய எறக்கினேன். ஓடிப்போயி சுவிட்ச தட்டினேன். ஒடனே எரிஞ்சுது. அத முசியே பாத்துட்டாரு. நீ இப்பதான் போடறேங்கறாரு. பேட்டரி காலியாவுமேன்னு நீயே அணைச்சு வெச்சிருந்தேங்கறாரு. சனிக்கிழமையோட நின்னுக்கன்னு சொல்லிட்டாரு."

எனக்கு அப்போது அவர்மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. என் விளக்கைக் குறை சொல்கிறாரே என்று. "என் வேலையில அப்படி ஆவாதுண்ணே" என்றேன். அவர் எழுந்து நின்றார்.

"ஆவாதுன்னா வந்து பாத்துட்டுச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலையில் சைக்கிளில் ஆற்றங்கரைக்குப் போனேன். படகு கரையோரம் கட்டியிருந்தது. பிளந்த பலகைமேல் தார் பூசிய கித்தான் அடித்திருந்தார்கள். முசியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. இருபது தடவை போட்டு அணைத்தேன். இருபது தடவையும் எரிந்தது. பேட்டரி முனைகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினேன். கம்பியைத் தொட்டுக்கொண்டே அடியிலிருந்து கை எட்டுகிற உயரம் வரை பார்த்தேன். படகின் விளிம்பில் ஏறி நின்று ஆட்டிக்கூடப் பார்த்தேன். விளக்கு இமைக்கவில்லை.

"வோலா," என்றார் முசியே, பார்த்தாயா என்கிற மாதிரி. "விளக்கு நல்லா இருக்கு. நீ நல்ல வேலை செஞ்சே. தப்பு விளக்கு இல்லே."

எனக்கு அந்தப் புகழ்ச்சி இனித்தது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டேன். அப்போதுதான் அந்த மீனவரின் முகத்தைப் பார்த்தேன். விளக்கு எரிய எரிய அவர் வேலை போய்க்கொண்டிருந்தது. என் ஒயரிங் எவ்வளவு நல்லதோ அவர் அவ்வளவு பொய்யர் ஆகிவிடுவார். அதற்கு நானே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறேன்.

அவர் என்னைக் கெஞ்சவில்லை. ஆற்றுத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"நீ ரெட்டியார்பாளையத்து விவசாயி வூட்டுப் புள்ளதானே?"

"ஆமா."

"கட்டிப்போட்ட மாட்டப் பாத்து நொண்டுதா இல்லையான்னு சொல்லுவியா? அவுத்து ஓட்டிப் பாத்தாதானே தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரமும் நான் ஆற்றில் கட்டிப்போட்ட படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்தது அங்கே இல்லை. திரும்பி முசியேயிடம் போய், கடலில் ஓடும்போது பார்க்க வேண்டும் என்றேன்.

"பூர்குவா?" என்றார். எதற்கு என்று கேட்கிறார்.

"அணைஞ்சது ஓடற படகுல முசியே. நான் பாத்தது நிக்கற படகு."

அவர் தோளைக் குலுக்கினார். நாளைக்கு மத்தியானம் வா என்றார். நாளைக்கு என்றால் சனிக்கிழமை. அவர் சொல்லியிருந்த கடைசி நாள்.

கடலைப் பற்றி உங்கள் அப்பாவுக்கு என்ன தெரியும்? நிலத்தைக் கொத்திப் பிழைத்த குடும்பம் நம்முடையது. கடற்கரையில் சுண்டல் தின்றிருக்கிறேன். தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பகல் வெளிச்சத்தில் உச்சியில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று கீழே இருந்து தெரியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் தெரிந்த மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சி, கார்களில் இருக்குமே, மின்சாரம் ஓடுவதைக் காட்டுகிற முள் வைத்த அந்த ஆம்பியர் மீட்டர், அதில் ஒன்று வாங்கிக்கொண்டேன். படகில் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் அதை விளக்குக் கம்பியின் நடுவில் இணைத்தேன். முள் நகர்ந்தால் மேலே விளக்கு எரிகிறது. முள் விழுந்தால் அணைந்துவிட்டது. இந்த ஏற்பாட்டை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே யோசித்தது. இதை எழுதும்போதும் மார்பு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போதே என் வயிறு மேலே வந்துவிட்டது. முசியே பின்னால் சுக்கானைப் பிடித்திருந்தார். அந்த இடத்தைத் தாண்டும்போது அவர் யாரிடமும் சுக்கானைக் கொடுத்ததில்லை. மீனவர் பாய்க்கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"குனிஞ்சு பெட்டியவே பாக்காத தம்பி. தூரத்துல கரையப் பாரு."

"முள்ளப் பாக்கணுமே அண்ணே."

"அப்ப வயித்துல இருக்கறத மீனுக்குக் குடுத்துரு. சரியாப்பூடும்."

கொடுத்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முள்ளைப் பார்த்தேன். வடக்கே போய்க்கொண்டிருந்தோம். காற்று தென்கிழக்கிலிருந்து, எங்களுக்கு வலது பக்கமாக வந்தது. முள் இரண்டுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. அலையில் படகு குதித்தது, முள் விழவில்லை. ஊர் எதிரே வந்தது. புதுப் பாலத்துத் தூண்கள் தண்ணீரில் நின்றன.

"எரியுதா?" என்றார் முசியே.

"எரியுது முசியே."

மீனவர் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"திருப்புங்க முசியே," என்றேன். "அன்னிக்கு மாதிரியே தெக்க திருப்புங்க."

படகு திரும்பியது. பாய் தடதடவென்று அடித்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. காற்று இப்போது இடது பக்கமாக வந்தது. படகு வலது பக்கம் சாய்ந்தது. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தேன்.

முள் பூஜ்யத்தில் கிடந்தது.

சுவிட்சைப் பார்த்தேன், போட்டபடி இருந்தது. பேட்டரி முனையைத் திருகிப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. தலையைத் தூக்கினேன். என் முகத்துக்கு நேராக வலது பக்கத்து இரும்பு வடம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆற்றில் கட்டியிருந்தபோது வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்ற வடம், இப்போது துணி காயப்போடுகிற கொடி மாதிரி தளர்ந்து ஆடியது. காற்று இடது பக்கமிருந்து தள்ளும்போது பாய்மரத்தின் பளு முழுவதும் இடது வடத்துக்குப் போய்விடுகிறது. வலது வடத்துக்கு வேலையே இல்லை.

கையை நீட்டி அதை இறுக்கி இழுத்தேன். முள் துள்ளி இரண்டுக்கு வந்தது. விட்டேன், விழுந்தது. மறுபடி இழுத்தேன், வந்தது.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வடத்தின் அடியில் அதைப் படகோடு மாட்டுகிற இரும்பு வளையம், நான் வேலை செய்தபோது புதிதாகப் பளபளவென்று இருந்தது. தொட்டாலே மின்சாரம் கடக்கும். நாலு மாதத்தில் அது துருப்பிடித்துவிட்டது. வடம் இழுத்துப் பிடிக்கும்போது மட்டும் இரும்பு இரும்போடு அழுந்தி மின்சாரம் போகிறது. தளர்ந்தால் நடுவே துரு நின்று தடுக்கிறது. அன்றைக்கும் வடக்கே போகும்போது எரிந்தது, தெற்கே திரும்பியதும் அணைந்தது. பாயை இறக்கியதும் மரம் நேராக நின்றது, வடம் இறுகியது, விளக்கு தானே எரிந்தது. பாவம், அந்த நேரம் பார்த்து அவர் கை சுவிட்சில் இருந்தது. சைக்கிள் சட்டம் தளராது. படகின் வடம் தளரும். அதைத் தெரிந்துகொள்ளாமல் படகுக்குச் சைக்கிள் வேலை செய்தவன் நான்.

மீட்டர் என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. அந்த முள்ளை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"அலோர்?" என்றார் முசியே பின்னாலிருந்து. "என்ன?"

ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது: உப்பு. நம் ஊரில் எது கெட்டாலும் உப்புக் காற்று என்று சொன்னால் யாரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள். ஜன்னல் கொக்கி உதிர்ந்தாலும் உப்பு, கடிகாரம் நின்றாலும் உப்பு. சொல்லியிருந்தால் பாதி உண்மையாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அந்தப் படகில் இரும்புகளை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடைப்பது யார் வேலை? அந்த மீனவர் வேலை. நான் உப்பு என்று சொன்னால் அதுவும் அவர் தலையில்தான் விழும். என் பெயர் தப்பிக்கும். அவர் வேலை எப்படியும் போகும்.

மீனவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தாமதமாக வருகிற பையன் வாசற்படியில் நின்று ஒரு வாக்கியம் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். ரெட்டியார்பாளையத்திலிருந்து நடந்து வருகிற நான் வாரத்தில் நாலு நாள் அதைச் சொன்னவன். பிரெஞ்சில் நான் பிழையில்லாமல் கற்ற ஒரே வாக்கியம் அதுதான்.

"செ மா ஃபோத், முசியே," என்றேன். என் தப்பு. பிறகு தமிழில் சொன்னேன். "அண்ணன் வெளக்க அணைக்கல. நான் போட்ட வழி தப்பு. இந்த வடம் தளர்ந்தா கரண்டு திரும்பி வராது. வந்து பாருங்க."

முசியே மீனவரைச் சுக்கானைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குனிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வடத்தை இழுத்தேன், விட்டேன். முள் எழுந்து விழுவதைப் பார்த்தார். பின்பு அவரே இழுத்துப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சுக்கானை வாங்கிக்கொண்டு படகை வடக்கே திருப்பினார். "இப்ப?" என்றார். "எரியுது." தெற்கே திருப்பினார். "இப்ப?" "அணைஞ்சுது." மூன்று தடவை அப்படிச் செய்தார்.

படகைத் தெற்கே ஓடவிட்டபடி அவர் சொன்னார்:

"அன்னிக்கி, கரையிலே, நான் இந்த வடம் பாத்தேன். நான் சொன்னேன், த்ரே பியேன்."

"ஆமா முசியே."

"நான் என்ஜினீயர். அப்போ ரெண்டு பேர் தப்பு."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை போலிருக்கிறது. ஆனால் முகத்துவாரம் நெருங்கி, முன்னால் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தபோது, சுக்கானை மீனவர் பக்கம் தள்ளிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

மீனவர் உடனே எடுக்கவில்லை. "இன்னிக்குச் சனிக்கிழமையாச்சே முசியே," என்றார்.

"திங்கள்கிழமை பாய் தைக்கணும். நீ வரலே, யார் தைக்கறது?"

அவர் சுக்கானை எடுத்துக்கொண்டார். அலையை முதுகில் வாங்கிக்கொண்டு படகு ஆற்றுக்குள் வழுக்கி வந்தது. வரும்போது ஆடியதில் பாதிகூட ஆடவில்லை. அது அவர் கை.

கரையில் இறங்கியதும் மீனவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, நீ சொல்லாம உட்டிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன் தெரியுமா?"

"இன்னா பண்ணியிருப்பீங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார். "அதான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடையைத் திறக்காமல் விடியற்காலையே ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். இந்தத் தடவை பாய்மரம் நின்றுகொண்டிருந்தது, நான்தான் மேலே போக வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஒரு பலகையில் உட்காரவைத்து, உச்சியில் இருக்கிற கப்பி வழியாகக் கயிறு போட்டு, கீழே இரண்டு பேர் இழுத்தார்கள். ஒருவர் முசியே. இன்னொருவர் அந்த மீனவர், இடது கையால். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் கயிறு இழுத்து என்னைத் தூக்கினார் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

"கொஞ்சம் கம்மியா சாப்ட்டு வந்திருக்கலாம் மேஸ்திரி," என்றார் மீனவர் கீழே இருந்து.

"நேத்து சாப்டதெல்லாம் கடல்லயே குடுத்துட்டேனே அண்ணே."

உச்சியில் பலகை நின்றதும் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் பழகியதும் சுற்றிப் பார்த்தேன். கலங்கரை விளக்கு, மில்லின் புகைக்கூண்டு, தென்னந்தோப்புக்கு மேலே கோயில் கோபுரமும் மாதாகோயில் கோபுரமும், அதற்கும் அப்பால் வைத்திக்குப்பத்துப் படகுகள் மணலில் அரிசி சிந்தின மாதிரி. நான் பிறந்த ஊரை அப்படிச் சேர்த்து ஒரே பார்வையில் அதற்கு முன் பார்த்ததில்லை.

பழைய ஒற்றைக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, இரண்டு கம்பிகள் சேர்ந்த ரப்பர் ஒயரைப் போட்டேன். இன்னொரு குழி செதுக்க வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன். வேண்டியிருக்கவில்லை. அதே குழியில் கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தினால் இரட்டை ஒயர் உட்கார்ந்தது. முதல் நாளே அதைப் போட்டிருக்கலாம். மேலிருந்து கீழ்வரை விரலால் அழுத்திக்கொண்டே வந்ததில் நகம் இரண்டு கறுத்துப்போயின. இரும்பு வடத்துக்கும் விளக்குக்கும் இருந்த சம்பந்தத்தை வெட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கரையிலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முகத்துவாரத்து மணலில் நின்றேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடக்கே போகும்போது உச்சியில் விளக்கு எரிந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தூரத்தில் படகு திரும்புவது, பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதை வைத்துத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு அப்படியே இருந்தது. தெற்கே என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. முசியே வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை திருப்பினார். ஒரு தடவைகூட அது இமைக்கவில்லை.

மீனவர் குப்பத்துக்குப் போய் எல்லோரிடமும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று, வயர்மேன் கடலுக்கே சோறு போட்டார் என்பது. இன்னொன்று, தப்பு தன்னுடையது என்று வெள்ளைக்காரனிடம் பிரெஞ்சிலேயே சொன்னார் என்பது. அதிலிருந்து எனக்கு அந்தப் பக்கத்தில் "ரெண்டு கம்பி மேஸ்திரி" என்று பெயர் வந்துவிட்டது. முதலில் கிண்டலுக்குத்தான் சொன்னார்கள். பிறகு படகில், வண்டியில், எதில் விளக்குப் போட வேண்டுமென்றாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடி வந்தார்கள். உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது உங்கள் தாத்தா கேட்ட முதல் கேள்வி, "அந்த ரெண்டு கம்பி மேஸ்திரி நீங்கதானா?" என்பது. ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் என்னைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. அந்த மீனவர் முசியேயின் படகிலேயே இருந்தார். முசியேவும் மதாமும் பிரான்சுக்குக் கிளம்புகிறவரை அந்த விளக்கை அவர்தான் போட்டார், அவர்தான் அணைத்தார்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மணலிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, நேராகக் கடைக்குப் போனேன். சந்தில் யாரும் இல்லை. பக்கத்துக் கடை பூட்டியிருந்தது. ஒரு கதவை மட்டும் திறந்து, சைக்கிளை உள்ளே ஏற்றி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். பாய்மரத்துக்குப் போட்டதில் மிச்சமிருந்த ஒயரில் மூன்று முழம் வெட்டி, இரண்டு கம்பியையும் பிரித்து ஒன்றை எடுத்தேன். அதன் ஒரு முனையை விளக்கின் அடியிலும் மறு முனையை டைனமோவின் அடியிலும் திருகாணி போட்டு முறுக்கினேன். டைனமோவை டயரில் சாய்த்துவிட்டு, பெடலைக் கையால் வேகமாகச் சுற்றினேன். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. முன்னால் எரிந்ததைவிடக் கொஞ்சமும் கூடுதலாக எரியவில்லை. விளக்குக்கு அந்தக் கம்பி வேண்டியதில்லை, பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகு ஞாபகம் வரட்டும் என்றுதான் போட்டேன். திருகாணியை இன்னும் அரைச் சுற்று இறுக்கிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையத்துக்குக் கிளம்பினேன்.